ஊக்கால் குத்திய சிப்ஸ்

தீர்ப்புச் சொல்வதில் விருப்பம் உள்ளவர்கள் மட்டும் இதைப் படித்தால் போதும். எல்லோரும் படிப்பார்கள் என்பது தெரிந்தே சொல்கிறேன்.

நாகர்கோவிலில் ஞானதுரை என்பவர் நேந்திரங்காய் சிப்ஸ் கம்பெனி நடத்திவந்தார். அங்கே பாக்கெட் போடும் பிரிவு ஜெபக்கனியின் பொறுப்பு. பாக்கெட்டுக்குள் இருக்கும் காற்றை விரட்டி, நைட்ரஜனை நிரப்பி, வாயை ஒட்டுவது அவளுடைய இயந்திரத்தின் வேலை. காற்றிலுள்ள ஆக்சிஜன் எண்ணெயைச் சிக்கு வாடை அடிக்க வைக்கும். நைட்ரஜன் அந்த வம்புக்கே போகாது. பாக்கெட் உப்பலாக இருப்பதால் சிப்ஸ் நொறுங்குவதும் குறையும். விஷயம் இவ்வளவுதான். இந்த இவ்வளவை ஜெபக்கனி எட்டு மாதமாக ஊருக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தாள். "பாதிக்குப் பாதி காத்த அடச்சு விக்கீங்க" என்று, சர்ச்சில் பக்கத்தில் உட்காருகிறவள்கூட ஜெபத்துக்கு நடுவே முணுமுணுத்தாள்.

இந்த நிலையில் கோத்தகிரியில் கடை வைத்திருக்கும் மாதன் நாற்பது பெட்டி கேட்டார். ஜெபக்கனிக்கு உடனே ஊட்டி ஞாபகம் வந்தது. போன கோடையில் அவள் அங்கே கொண்டுபோன பாக்கெட், மலை ஏற ஏறத் தலையணைபோல் உப்பியிருந்தது. மேலே காற்றின் அழுத்தம் குறைவு. அதனால் உள்ளே இருப்பது விரிகிறது. இறங்கியதும் பழையபடி ஆகிவிட்டது. ஆகவே அவள் முதலாளியிடம் போனாள்.

"மலைக்குப் போறதுல கொஞ்சம் கொறச்சு நெரப்பலாம் மொதலாளி. கவர்ல, 'நைட்ரஜன் நிரப்பியது, மலையில் உப்பும், கெடுதல் இல்லை'ன்னு ரெண்டு வரி போட்டிரலாம்."

"கொறச்சா கடையில சப்பையா நிக்கும். நைட்ரஜன்னு போட்டா, உரமூட்டைன்னுல்லா நெனைப்பான்?"

"அப்ப கடைக்காரருட்டயாவது சொல்லணும்."

"அத செல்வின் சொல்லுவான், நீ போ."

சரக்கோடு போகும் விற்பனையாளன் செல்வினுக்கு அவள் இரண்டு முறை விளக்கினாள். அவனும் இரண்டு முறை "சரி யக்கா" என்றான். கோத்தகிரியில் மழை. பெட்டிகளை இறக்கினான், கையெழுத்து வாங்கினான், "உப்பியிருந்தா பயப்படாதீங்கண்ணே" என்று வண்டியிலிருந்தே கத்திவிட்டுக் கிளம்பினான். ஏன் பயப்படவேண்டாம் என்பது அவனோடு மலையிறங்கிவிட்டது.

மாதன் பெட்டியைத் திறந்தார். உப்பிய பால் பாக்கெட் கெட்டது என்பது அவருடைய இருபது வருட அனுபவம். ஆனால் ஒன்றைப் பிரித்துத் தின்று பார்த்தால், சிப்ஸ் மொறுமொறுவென்று பிரமாதமாக இருந்தது. சிப்ஸ் நல்லது, உள்ளே இருக்கும் கேஸ்தான் கெட்டது என்று முடிவுகட்டினார். மனைவியிடம் ஊக்கை வாங்கி, பாக்கெட் பாக்கெட்டாகக் குத்திக் கேஸை இறக்கி, ஓட்டையின்மேல் செல்லோடேப் ஒட்டினார். இரண்டு தட்டு பிடிக்கும் சரக்கு ஒரே தட்டில் அடங்கியதில் அவருக்குத் தனி சந்தோஷம்.

கோத்தகிரி மூடுபனி டேப்புக்குக் கட்டுப்படவில்லை. பன்னிரண்டாம் நாள் ஜெபக்கனிக்குப் போன் வந்தது.

"ஏம்மா, சிப்ஸா இது? வளைச்சாக்கூட ஒடிய மாட்டேங்குது! வாடை வேற!"

"பாக்கெட்ட ஏதாவது செஞ்சீங்களாண்ணே?"

"கெடுதல் பண்ணுவேனா? இருந்த விஷத்தை எறக்கிவிட்டேன். ஒண்ணுவிடாம குத்தினேன். விரல் காயமே ஆறலை!"

ஜெபக்கனி, "பெட்டிய அனுப்பிருங்கண்ணே" என்று போனை வைத்தாள்.

விற்றதுபோக மிச்சம் எல்லாப் பெட்டியும் திரும்பி வந்தது. கேஸ் அடைத்த சிப்ஸ் விஷம் என்று கோத்தகிரி பஜாரே பேசுவதாகவும் செய்தி வந்தது. ஞானதுரை பெட்டிகளைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "கேஸ் நெரப்பினது நீ. நாளையிலருந்து வராண்டாம்" என்றார்.

"நீங்க சொன்ன அளவுதானே நெரப்பினேன்?"

"நான் என்னத்தக் கண்டேன், இவன் சொல்லியிருக்கணும்லா?" என்று செல்வினைக் காட்டினார். செல்வின், "பயப்படாதீங்கன்னு சொன்னேனே! ஊக்கு எடுக்காதீங்கன்னுமா சொல்லணும்?" என்றான். போனில் மாதன், வாடிக்கையாளர் உடம்புக்காக விரலைக் குத்திக்கொண்டவனைக் குற்றம் சொல்கிறீர்களே என்று வருந்தினார்.

ஜெபக்கனி சாவியை மேசையில் வைத்துவிட்டு வெளியே நடந்தாள். அவளுடைய வேலை உங்கள் தீர்ப்பில் இருக்கிறது. சொல்லுங்கள்: இந்த நால்வரில் தவறு யாருடையது?

விடை: செல்வின் பாதி சொன்னான், அது சோம்பல். மாதன் பேரில் குற்றம் பலமாகத்தான் இருக்கிறது. கேஸ் விஷம் என்றால் அதில் ஊறிய சிப்ஸை விற்றிருக்கக்கூடாது. சிப்ஸ் நல்லது என்றால் குத்தியிருக்கக்கூடாது. இரண்டையும் ஒருசேர நம்பியது மடத்தனம். ஆனால் அந்தச் சோம்பலையும் மடத்தனத்தையும் கவரில் இரண்டு வரி தடுத்திருக்கும். ஜெபக்கனிக்கு அறிவு இருந்தது, அதிகாரம் இல்லை. எல்லாம் காதில் விழுந்தும், அதிகாரம் கையில் இருந்தும், நல்லதையே கெட்டதுபோல் ஒளித்தவர் ஞானதுரை. தவறு அவருடையதே. மூன்று நாளில் அவரும் இதே முடிவுக்கு வந்து அவளைக் கூப்பிட்டார். அந்த இயந்திரத்தை ஓட்ட வேறு ஆளில்லை என்பதும் சிந்தனைக்கு உதவியிருக்கலாம். இப்போது கவரில் இரண்டு வரி இருக்கிறது, கீழே ஜெபக்கனியின் போன் நம்பரும் இருக்கிறது. முதல் அழைப்பு ஒரு தாயிடமிருந்து.

"நைட்ரஜன்னு போட்டிருக்கே, பிள்ளைக்குக் குடுக்கலாமா?"

"நீங்க இப்ப இழுத்த மூச்சுல அஞ்சுல நாலு பங்கு அதுதாம்மா."

மறுமுனையில் தாய் அலறினாள்.

"அய்யய்யோ! அப்ப எந்த டாக்டருட்ட காட்டணும்?"