இருபத்தைந்தாவது பெயர்

இந்தப் புதிருக்கு விடை தெரிந்துவிட்டதாக நினைப்பவர்கள் பாதியிலேயே சொல்லிவிட வேண்டாம். நானும் இதைக் கேட்டபோது இரண்டு முறை அவசரப்பட்டு, இரண்டு முறையும் அசடு வழிந்தவன்தான்.

கோவில்பட்டியில் ஒரு காலனி. அங்கே ஒரு மகளிர் மன்றம். ஆண்டு விழாவில் குத்துவிளக்கின் முதல் திரியை ஏற்ற அவர்கள் மந்திரியையோ கலெக்டரையோ கூப்பிடுவதில்லை. அந்த வருஷம் இருபத்தைந்து பெண்களைப் புதிதாகச் சேர்த்தவள் எவளோ, அவள்தான் ஏற்றுவாள். யாரும் அத்தனை பேரைச் சேர்க்காவிட்டால் தலைவியே ஏற்றிவிடுவார். சேர்ப்பதென்றால் விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்குவதோடு முடியாது. புதியவள் முதல் மூன்று வெள்ளிக்கிழமைகளிலும் மாலை நான்கிலிருந்து ஐந்து வரை மன்றத்துக்காக நேரம் கொடுக்க வேண்டும். கொடுத்தால்தான் உறுப்பினர்.

சௌந்தரவல்லி அங்கே பதினோரு வருஷமாக இருந்தாள். அவள் சேர்ந்த புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை, பேச வந்த விருந்தாளியை அழைத்துவரப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். பஸ் தாமதமாகி, கூட்டம் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தாள். அன்றைக்கும் அவளுக்கு வருகை போட்டார்கள். அதற்குப் பின் வருஷா வருஷம் யார் யாரோ விளக்கேற்ற, கீழே உட்கார்ந்து பார்த்துப் பார்த்து அவளுக்கு அலுத்துப்போயிற்று. இந்த வருஷம் கங்கணம் கட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள். மிகச் சரியாக இருபத்தைந்து கையெழுத்து. மயில்கழுத்து நிறத்தில் பட்டுப்புடவை எடுத்து, தூத்துக்குடி நாத்தனாருக்குப் போன் போட்டுச் சொல்லியும் விட்டாள்.

இருபத்தைந்தாவது கையெழுத்து பேச்சியம்மாளுடையது. தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்ப்பவள். எண்ணிக்கை முடியட்டுமே என்று சௌந்தரவல்லி கடைசியாகக் கதவைத் தட்டிய வீடு அது.

முதல் வெள்ளிக்கிழமையே சிக்கல் வந்தது. வாரத்துக்கு ஒரு நாள் வருகிற குடிதண்ணீரை வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு மாற்றிவிட்டார்கள். மன்றம் கூடுகிற பால்வாடிக் கட்டடமோ அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் கிடைக்கும். புதியவர்கள் அத்தனை பேரும் தெருக்குழாயை நம்பியிருப்பவர்கள். குடமும் கையுமாகத் திகைத்து நின்றார்கள்.

“கொடத்த வச்சிட்டுப் போங்க மதினி. நான் புடிச்சு வைக்கேன்” என்றாள் பேச்சியம்மாள்.

மூன்று வெள்ளிக்கிழமையும் அப்படியே நடந்தது. இருபத்துநான்கு பேரும் கூட்டத்தில் உட்கார்ந்திருக்க, அவள் ஒருத்தி குழாயடியில் நின்று வீட்டுக்கு இரண்டு குடம் நிறைத்தாள். கூட்டத்துக்கு மட்டும் ஒரு நாளும் வரவில்லை.

கூட்டத்தில் எல்லார் வாயிலும் அவள் பெயர்தான். சௌந்தரவல்லி செருப்புத் தேய நடந்ததை ஒருத்தியும் பேசவில்லை. “இப்படி ஒரு ஆளை எங்க புடிச்சீங்கக்கா? அவ இல்லேன்னா நாங்க எங்க வாறது?” என்று ஒருத்தி அவளிடமே கேட்டாள். பாராட்டாகத்தான் கேட்டாள். சௌந்தரவல்லிக்கு வயிறு எரிந்தது. தண்ணீர் பிடிப்பது ஒரு பெரிய காரியமா என்று சட்னி அரைக்கும்போதும் நினைத்தாள், துணி மடிக்கும்போதும் நினைத்தாள். தெருவில் எதிர்ப்பட்டால் பேச்சியம்மாள் வாய் நிறையச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பும் பிடிக்காமல் போயிற்று.

நான்காம் வெள்ளிக்கிழமை குழாயில் தண்ணீர் வரவில்லை. பேச்சியம்மாளும் கூட்டத்துக்கு வந்திருந்தாள். தலைவி ரூபாவதி டீச்சர் வருகைப் பதிவேட்டைத் திறந்து புதியவர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டே போய், கடைசிப் பெயரில் நின்றார்.

“பேச்சியம்மாளுக்கு மூணு வாரமும் வருகை இல்ல. ஏன் வரலைன்னு எல்லாருக்கும் தெரியும். சேத்துக்கிடலாமா? கூட்டிட்டு வந்தவ நீதான சௌந்தரம், நீ சொல்லு.”

அவள் வாயைத் திறக்குமுன் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. “பேச்சியக்காதான் இந்த வருஷம் விளக்கேத்தணும்.” இரண்டு மூன்று தலைகள் ஆடின.

சௌந்தரவல்லிக்கு அது போதுமாக இருந்தது. “வரலேன்னா வரலதான் டீச்சர். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். பேரை அடிச்சிருங்க” என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மிச்சம் இருபத்துநான்கு. தன் விளக்கும் போயிற்று. ஆனாலும் அந்த நிமிஷத்தில், தனக்குக் கிடைக்காத வருத்தத்தைவிடப் பேச்சியம்மாளுக்கும் கிடைக்காது என்பது அவளுக்கு இனித்தது.

பேச்சியம்மாள் எழுந்தாள். “அக்கா சொல்றது சரிதான் டீச்சர். நான் ஒரு வாரமும் வரல. அடுத்த வருஷம் சேந்துக்கிடுதேன்.”

டீச்சர் பேனாவைத் திறந்தார். ஆனால் அடிக்கவில்லை. பதிவேட்டைக் கொண்டுவந்து சௌந்தரவல்லியின் மடியில் வைத்தார். “அடிக்கணும்னா நீயே அடி. வருகை போடணும்னாலும் நீயே போடு.”

இப்போது சொல்லுங்கள். சட்டம் பேசியவள் சௌந்தரவல்லி, அதை ஒப்புக்கொண்டவள் பேச்சியம்மாள், இரண்டுக்கும் பிடி கொடுக்காமல் பேனாவை நீட்டியவர் டீச்சர். இந்த மூவரில் யார் செய்தது சரி? விளக்கை யார் ஏற்ற வேண்டும்?

விடை: விளக்கு சௌந்தரவல்லிக்குத்தான். பேச்சியம்மாளுக்கு என்றவர்கள் இரக்கப்பட்டுச் சொல்கிறீர்கள். வந்தவர்களை அவள் நிலைக்க வைத்தாள், நிஜம். ஆனால் அவளையும் சேர்த்து அத்தனை பேர் கதவையும் தட்டியவள் சௌந்தரவல்லி. இருவருக்கும் இல்லை, தலைவியே ஏற்றட்டும் என்றவர்களுக்கு ஒரு கேள்வி. பஸ் ஸ்டாண்டில் நின்றவளுக்கு வருகை உண்டென்றால் குழாயடியில் நின்றவளுக்கு ஏன் கிடையாது? ஆகவே கணக்கு இருபத்தைந்துதான். இதை டீச்சரே சொல்லியிருந்தால் சௌந்தரவல்லி விளக்கையும் ஏற்றி, பேச்சியம்மாளைக் குறையும் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பாள். அவள் கையாலேயே எழுத வைத்ததால் டீச்சர் செய்ததே சரி. சௌந்தரவல்லி வெகுநேரம் கழித்து மூன்று வாரத்துக்கும் வருகை போட்டாள். மனசாரப் போட்டாளா என்று கேட்காதீர்கள். விழாவன்று அவள் திரியை ஏற்றியபோது எல்லாரையும்விட உரக்கக் கைதட்டியது பேச்சியம்மாள். அப்படிக் கைதட்ட ஒருத்தியால் எப்படி முடிகிறது என்று மேடையில் நின்றபடியே சௌந்தரவல்லி பொறாமைப்பட்டாள்.