ஒரே பால், இரண்டு சட்டி

"நான் எடுக்கல, அம்மை. ஆனாலும் போறேன்."

மூட்டையைக் கட்டிவிட்டுத்தான் பிரமநாயகம் குருவின் முன் வந்து நின்றார். ஐம்பதைத் தாண்டியவர். மலை மேல் இருந்த அந்த மடத்தில் அவர் உடம்புதான் பெரியது. குரு இசக்கியம்மை அவரைவிட இளையவள்.

பூசைக்குச் சுட்டுவைத்த அதிரசப் பானை காலையில் காலியாகக் கிடந்தது. எல்லாரும் முதலில் பார்த்தது அவர் வயிற்றைத்தான்.

"என்ன சொன்னாங்க?"

"ஆவுடையப்பன் கேட்டான். 'அண்ணாச்சி, நாக்கு பொய் சொல்லும், தொந்தி சொல்லுமா?'ன்னு."

குரு சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"அவனும் நானும் பக்கத்துப் பக்கத்து இலை, அம்மை. ஒரே சோறு, ஒரே அகப்பை. அவன் முருங்கைக்காயா இருக்கான், நான் நெல்லுக் குதிரா ஆயிட்டேன். எனக்கே சந்தேகமா இருக்கு. தூக்கத்துல எழுந்து போய்த் தின்னுடறேனோ?"

"வெயில் தாழட்டும், போகலாம். அதுக்குள்ள இந்தப் பாலை ரெண்டு சட்டியில உறை ஊத்திக் குடுங்க."

ஒரே பாலைக் காய்ச்சி ஆற்றி இரண்டு சட்டிகளில் ஊற்றினார். ஒன்றில் மடத்து மோர் ஒரு கரண்டி. மற்றதில், அடிவாரத்து வீட்டிலிருந்து குரு வாங்கி வைத்திருந்த மோர் ஒரு கரண்டி.

சட்டிகளுக்குப் பக்கத்திலேயே சாய்ந்தார். சித்திரை வெயில். கண் சொருகியது.

தன் வயிற்றுக்குள் இறங்கிப் போனார்.

அங்கே ஓர் ஊர் இருந்தது. விளக்கில்லை, ஆனாலும் எல்லாம் தெரிந்தது. ஆற்று மணல்போலக் குடிகள். குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன பொறுக்குறீங்க?"

"நீங்க அனுப்புனதத்தான்" என்றாள் ஒருத்தி. "ஆவுடையப்பன் ஊர்க்காரங்க பாதியச் சிந்திருவாங்க. நாங்க ஒரு பருக்கை விடமாட்டோம். எல்லாத்தையும் உங்க பேர்ல சேத்து வச்சிருக்கோம்."

"எதுக்கு?"

"பஞ்சம் வந்தா?"

அவள் முகத்தில் அவ்வளவு அன்பு.

விழித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. ஒரு சட்டியில் தயிர் கத்தியால் வெட்டலாம்போல இருந்தது. மற்றதில் கொழகொழவென்று, தண்ணீர் விட்டுக் கிடந்தது.

குரு எல்லாரையும் கூப்பிட்டாள்.

"ஒரே பால், ஆவுடையப்பா. உறை மோர்தான் வேற வேற. ஒண்ணு கெட்டி, ஒண்ணு தண்ணி. இதுல எந்தச் சட்டி திருடிச்சு?"

ஆவுடையப்பன் சட்டிகளை மாறி மாறிப் பார்த்தான்.

"அதிரசம்... நான்தான், அம்மை."

சாப்பாட்டு மணி அடித்தது.

பிரமநாயகம் மூட்டையை அவிழ்த்துவிட்டு வந்து தன் இலை முன் உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்தார். இத்தனை காலம் வயிற்றை மறைப்பதற்கே பழகிய இடது கையை, அதன்மேல் மெல்ல வைத்து, ஏதோ முணுமுணுத்தார்.

"யார்கிட்டப் பேசுறீங்க, அண்ணாச்சி?" என்றான் பக்கத்து இலைக்காரன்.

அவர் அவன் பக்கம் திரும்பவில்லை.

"பஞ்சம் வராது" என்றார் குனிந்து. "பயப்படாம கொஞ்சம் சிந்துங்க."