ஒரு சொட்டு வியர்வை

சவரிராயனுக்கு ஐம்பது தாண்டியாச்சு. அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுக்கும் மாதங்கிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. என்ன செய்வது, அந்த பேட்டரி ஆலையில் உப்பின் குணம் தெரிந்தவள் அவள்தான்.

அது கடையில் விற்கிற பேட்டரி இல்லை. உள்ளே உப்பு கல்லாட்டம் கெட்டியாகக் கிடக்கும், வருஷக்கணக்காக. விமானம் விழப்போகிறது என்று விமானி கைப்பிடியை இழுத்தால், உள்ளிருக்கும் மருந்து தீப்பிடித்து, உப்பு உருகி, மின்சாரம் பாயும். உட்கார்ந்திருக்கிற சீட்டே அவனை வெளியே தூக்கி எறியும். அவ்வளவுதான், ஒரே தடவை. உப்பில் ஈரம் பட்டிருந்தால் அந்த ஒரு தடவையும் கிடையாது.

அன்றைக்கு சவரிராயன் ஒரு பேட்டரிப் பெட்டியோடு பேயறைந்த மாதிரி வந்து நின்றார்.

"மேடம், போன வாரம் கையுறையைக் கழற்றி நெத்தியத் துடைச்சேன். ஒரு சொட்டு வேர்வை உப்புல விழுந்த மாதிரி இருந்துச்சு. இந்தப் பெட்டியில ஏதோ ஒண்ணு. எதுன்னு தெரியல. சொல்லப் பயந்துட்டேன்."

"இப்ப மட்டும் ஏன் சொல்றீங்க?"

"பெட்டி என் பையன் விமானம் ஓட்டுற தளத்துக்குப் போகுதாம். வேற தளத்துக்கு மாத்தி விட்டுடுங்க மேடம். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மாதங்கி திட்டவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு சோதனை அறைக்கு நடந்தாள். ஒரு பேட்டரியை எடுத்து ஒரு விளக்கோடு இணைத்துப் பற்றவைத்தாள். விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"நல்ல பேட்டரி."

"அப்பாடா! அதையே என் பையனுக்கு..."

விளக்கு அணைந்தது.

"அது செத்துப்போச்சுண்ணே. அடுத்ததை நீங்க பத்தவைங்க."

பற்றவைத்தார். எரிந்தது. அடுத்ததும் எரிந்தது. முதலில் ஒவ்வொன்றுக்கும் "மாதாவே" என்று பெருமூச்சு விட்டார். பெட்டி காலியாகக் காலியாக அந்த "மாதாவே" நின்றுபோயிற்று. எல்லாமே நல்லது என்றால் அந்தச் சொட்டு எங்கே போயிற்று?

அடியில் ஒன்றே ஒன்று மிச்சம். அவர் கை அதன் பக்கம் போகவில்லை.

"எடுங்கண்ணே."

"வேண்டாம் மேடம். இதுதான். எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

மாதங்கி அதை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"சரி. எந்த வீட்டுப் பிள்ளை சீட்டுக்கு அடியில வைக்கட்டும்? நீங்களே சொல்லுங்க."