முள் என்று சொன்ன நாள்

"நன்றியை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கக் கூடாது. ஒன்று, புளித்துவிடும். இல்லையென்றால்..." என்று தொடங்கும் ஒரு பேச்சு எங்கள் பெரியப்பாவிடம் உண்டு. இல்லையென்றால் என்ன ஆகும் என்பது மறந்துபோயிற்று. கேட்டுத் தெரிந்துகொள்ள அவரும் இல்லை. சங்கரபாண்டியின் கதையைக் கேட்டபோது அந்தப் பாதிப் பேச்சுதான் ஞாபகம் வந்தது.

மலையடிவாரத்தில் ஓர் ஆசிரமம். அங்கே பூசை குறைவு, துவைப்பு அதிகம். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியின் போர்வைகள் தினமும் காலையில் மூட்டை மூட்டையாக வரும். வெந்நீரில் ஊறவைத்து, ஓடையில் அலசி, பாறைகளில் காயப்போட்டு மறுநாள் திருப்பி அனுப்புவார்கள். சீடராகச் சேருகிறவர் முதலில் துவைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். கடைசியிலும் அதுதான்.

குருவின் பெயர் கோமதி அம்மை. வயது நாற்பத்திரண்டு. சீடர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள்.

ஈரப் போர்வையை ஒருவராகப் பிழிய முடியாது. இரண்டு பேர் ஆளுக்கொரு நுனியைப் பிடித்து எதிரெதிராக முறுக்க வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும். ஒருவர் முந்திவிட்டால் அந்த இழுப்பு அடுத்தவர் தோளில் போய் விழும். அதற்காக அங்கே ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஒருவர் மற்றவரின் பெயரைச் சொல்வார். பெயர் முடிகிற இடத்தில் இருவரும் முறுக்குவார்கள். காலையில் ஓடைக்கரையில் நின்றால் தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே பெயர் பெயராகக் கேட்கும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஆசிரமம் தொடங்கிய நாளை வருடந்தோறும் விழாவாகக் கொண்டாடுவார்கள். அன்று ஒவ்வொருவரும் எழுந்து, கூட வேலை செய்கிற ஒருவரின் பெயரைச் சொல்லி, அவர் செய்த நன்மை ஒன்றைச் சொல்ல வேண்டும். நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

சங்கரபாண்டி அங்கே எட்டு வருடமாகத் துவைக்கிறார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒருநாள், காய்ந்த போர்வையை எடுக்கப் பாறை இடுக்கில் கையை விட்டார். சுருக்கென்றது.

"முள்ளு குத்திருச்சு" என்றார்.

அவரோடு ஜோடியாகப் பிழிகிறவர் வந்து கையைப் பார்த்தார். இரண்டு புள்ளிகள். சங்கரபாண்டியை முதுகில் தூக்கிக்கொண்டு, இடுப்பளவு ஓடையில் இறங்கிக் கடந்து, நான்கு கிலோமீட்டர் ஓடினார்.

"முள்ளுக்கெல்லாமா ஆஸ்பத்திரி? இறக்கி விடுலே, மானம் போகுது" என்று சங்கரபாண்டி வழி முழுக்கத் திட்டினார்.

கடித்தது கண்ணாடி விரியன். இன்னும் அரை மணி கழித்து வந்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர்.

அந்த வருட விழாவில் சங்கரபாண்டி பேச எழுந்தார். வழி முழுக்கத் திட்டியது ஞாபகம் வந்தது. சமையல்கட்டில் இருந்தவருக்கு நல்ல ரசத்துக்காக நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். அடுத்த வருடமும் அப்படியே போனது.

தூக்கிக்கொண்டு ஓடியவர் பிறகு ஒருநாள் சென்னைக்குக் கிளம்பினார். இரண்டு வருடம் கழித்துச் சேலையில் திரும்பி வந்தாள். எல்லோர் முன்னாலும் நின்று சொன்னாள்.

"நான் வடிவு. நான் எப்பவும் பொம்பளைதான், சொல்லத்தான் நாளாயிருச்சு. அக்கா, தங்கச்சி, எப்படிக் கூப்பிட்டாலும் சரி. பழைய பேரு மட்டும் வேண்டாம்."

அந்தப் பழைய பெயரை நானும் இங்கே எழுதவில்லை.

கூடத் துவைக்கிற லூர்தம்மாள் முதல் நாள் ஒன்பது தடவை பழைய பெயரைச் சொல்லித் தடுமாறினாள். ஒன்பது தடவையும் நாக்கைக் கடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். ஒரு வாரத்தில் எல்லோருக்கும் வாய் பழகிவிட்டது. சங்கரபாண்டிக்கு மட்டும் பழகவில்லை. பழைய பெயரைச் சொல்லக் கூடாது என்பது தெரிந்தது. புதிய பெயரைச் சொல்ல வரவில்லை. போர்வையின் நுனியைப் பிடித்துக்கொண்டு பெயர் சொல்ல வேண்டிய இடத்தில், "ரைட்!" என்றார்.

"வண்டி எந்த ஊருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டாள் லூர்தம்மாள்.

எல்லோரும் சிரித்தார்கள். வடிவும் சிரித்தாள். ஆறு மாதம் "ரைட்" என்றே ஓடியது. ஒருநாள் அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் "ரைட்" சொல்லி முறுக்கிவிட்டார். அவளுடைய வலது தோள் பிசகிக்கொண்டது.

விழாவுக்கு முந்தைய நாள் லூர்தம்மாள் வந்து அவரிடம் சொன்னாள்.

"வடிவு நாளைக்கு பதினோரு மணி பஸ்ஸுக்குக் கிளம்புதா. இனிமே நீங்க யாருக்கு வேணும்னாலும் விசில் ஊதலாம்."

சங்கரபாண்டி ஈரக் கையோடு அம்மையிடம் போனார். அம்மை கிழிந்த போர்வை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு சந்தேகம் அம்மை."

"நாளைக்கு யாருக்கு நன்றி சொல்லணும்னா?"

"யாருக்குங்கிறது தெரியும். எந்தப் பேருக்குச் சொல்லணுங்கிறதுதான் தெரியலை."

"ஏன்?"

"நடந்ததை நடந்தபடி சொல்லணும்னு நீங்கதானே சொல்லுதீங்க. அன்னைக்கு என்னைத் தூக்கினது பழைய ஆளு. அந்தப் பேரைச் சொன்னா இவங்க மனசு வருத்தப்படும். இந்தப் பேரைச் சொன்னா பொய்யாப் போகும். சாகக் கிடந்தவனைத் தூக்கின விஷயத்துல பொய் சொல்லலாமா?"

அம்மை தலையை நிமிர்த்தவில்லை.

"அந்தப் பழைய ஆளைக் கூட்டிட்டு வாங்க."

"யாரை?"

"உங்களைத் தூக்கினவரை. நானும் ஒரு கும்பிடு போட்டுக்கிடுதேன். அவர் இல்லைன்னா இந்த எட்டு வருஷத்துல ஆறு வருஷம் எனக்கு ஒரு ஆள் குறைஞ்சிருக்கும்."

சங்கரபாண்டி ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு ஓடைக்கு இறங்கிப் போனார்.

வடிவு இடது கையால் மட்டும் அலசிக்கொண்டிருந்தாள். தோளில் தடவிய தைலத்தின் வாசனை காற்றில் வந்தது.

"அம்மை ஒரு ஆளைக் கூட்டியாரச் சொன்னாங்க" என்றார். "அன்னைக்கு என்னைத் தூக்கின ஆளை."

"இந்தா வாரேன்" என்று கையை உதறி எழுந்தாள்.

"இல்ல... வந்து... அந்தப் பழைய..."

வடிவு மறுபடியும் கல்லில் உட்கார்ந்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தார். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"அண்ணாச்சி, அப்படி ஒருத்தர் இருக்காருன்னு ஊரே சொல்லுச்சு. எங்க வீட்டுலயும் சொன்னாங்க. நானும் நாப்பது வருஷம் தேடிப் பார்த்துட்டேன். ஒருநாளும் கண்ணுல படலை."

"அந்தப் பேரைச் சொல்லி நான் கூப்பிட்டா திரும்பிப் பார்ப்பியே?"

"நீங்க பாசமாக் கூப்பிட்டீங்க. அதுக்குத் திரும்பினேன்."

ஓடை ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஒரு போர்வையை எடுத்து நீரில் விரித்தாள்.

"அன்னைக்கு என் முதுகுல ரெண்டு சுமை அண்ணாச்சி. ஒண்ணை ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கி வச்சேன். இன்னொண்ணை இறக்கி வைக்க அதுக்கு மேல நாலு வருஷம் ஆச்சு."

சங்கரபாண்டி பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தார்.

"எது கனம்?" என்று கேட்டார்.

"நீங்கதான். அது வாயைத் திறந்து திட்டலையே."

அவருக்கும் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுபோனது.

"நாளைக்குப் போறியாமே?"

"ஆமா."

"எங்க?"

"பேரு சொல்லிக் கூப்பிடுத இடம் எங்கயாவது இல்லாமலா போயிரும்?"

சங்கரபாண்டி தனியாகத் திரும்பி வந்தார். அம்மை இன்னும் தைத்துக்கொண்டிருந்தார்.

"கூட்டிட்டு வரலையா?"

"அப்படி ஒரு ஆளே கிடையாதாம் அம்மை."

"யாரு சொன்னா?"

"தூக்கினவங்களே சொல்லுதாங்க."

"சரி, உட்காருங்க" என்றார் அம்மை. "உங்க பாம்புக் கதையை ஒரு தடவை சொல்லுங்க. கேட்டு நாளாச்சு."

அந்தக் கதையைச் சொல்வதென்றால் சங்கரபாண்டிக்கு அலுப்பே வராது. ஊருக்குப் புதிதாக வருகிற எவருக்கும் முதலில் அதைத்தான் சொல்வார். கால்களை மடக்கி உட்கார்ந்தார்.

"நல்ல வெயிலு அம்மை. போர்வை பாறை இடுக்குல விழுந்து கிடக்கு. கையை விட்டேன் பாருங்க, கண்ணாடி விரியன், பட்டுனு ஒரே போடு..."

"நில்லுங்க. என்ன போட்டுச்சு?"

"விரியன்."

"அன்னைக்கு அப்படியா சொன்னீங்க?"

"அன்னைக்கு முள்ளுன்னு சொன்னேன்."

"எவ்வளவு தூரம்?"

"ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் முள்ளுன்னுதான் சொல்லிட்டுப் போனேன்."

"அப்போ முள்ளுன்னே சொல்லுங்க. நடந்ததை நடந்தபடி சொல்லணும்ல?"

"நடந்தது முள்ளு இல்லையே அம்மை" என்றார் சங்கரபாண்டி அவசரமாக. "அப்பவும் அது விரியன்தான். எனக்குத் தெரியலை. தெரியாம நான்தான் முள்ளுன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். இப்பத் தெரிஞ்ச பொறவும் முள்ளுன்னு சொன்னா, அதுல்லா பொய்யி?"

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

அம்மை நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். தைத்த இடத்தை விரலால் ஒருமுறை நீவினார்.

"ஆறு வருஷமா அந்தக் கதையைச் சரியாத்தான் சொல்லுதீங்க அண்ணாச்சி" என்றார். "பாம்பு விஷயத்துல மட்டும்."

சங்கரபாண்டி எழுந்தார். போகும்போது அம்மையின் முன்னால் குனிந்து, தைத்து முடித்த போர்வையை மடித்து வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். வடிவின் பை கதவோரமாக இருந்தது. லூர்தம்மாள் ஒருவருக்குச் சொன்னாள், இன்னொருவர் லூர்தம்மாளுக்குச் சொன்னார். வடிவு எழுந்து, தனக்கு ஆறு மாதமாகச் சேலைக் கொசுவம் மடிக்கச் சொல்லிக்கொடுத்ததற்காக லூர்தம்மாளுக்கே நன்றி சொன்னாள்.

"இன்னும் ஒழுங்கா வரலை" என்றாள் லூர்தம்மாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

கடைசியில் சங்கரபாண்டி எழுந்தார்.

"ஆறு வருஷத்துக்கு முந்தி என்னை விரியன் கடிச்சது" என்றார். "நான் முள்ளுன்னு சொன்னேன். என்னை முதுகுல சுமந்துக்கிட்டு, ஓடையைத் தாண்டி, நாலு கிலோமீட்டர் ஓடி என்னைப் பிழைக்க வச்சவ என் தங்கச்சி வடிவு. அவ பேரையும் அன்னைக்கு நான் தப்பாத்தான் சொன்னேன். அவ என்னை இறக்கி விடலை."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

விழா நாளிலும் மூட்டை வரும். அன்றும் வந்தது. எல்லோரும் ஓடைக்கு இறங்கினார்கள். சங்கரபாண்டி ஊறிய போர்வை ஒன்றை எடுத்து, ஒரு நுனியைத் தான் வைத்துக்கொண்டு மறு நுனியை வடிவிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்.

மேலே ரோட்டில் பதினோரு மணி பஸ் வந்து நின்றது. ஹாரன் அடித்தது.

வடிவு பஸ்ஸைப் பார்த்தாள். கையில் இருந்த நுனியைப் பார்த்தாள்.

"அனுப்பி விடுங்க அண்ணாச்சி" என்றாள். "கையில ஈரம்."

சங்கரபாண்டி ரோட்டைப் பார்த்து, "ரைட்!" என்று கத்தினார். பஸ் கிளம்பியது.

பிறகு அவள் பக்கம் திரும்பி, பெயரைச் சொன்னார்.