எடை இல்லாத ஆணை

சுலைகாவை யாராவது குரு என்று கூப்பிட்டால் அவளுக்குக் கெட்ட கோபம் வரும். மதுரையில் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதும் ஒரு சின்னக் கம்பெனியில் அவள் குழுத் தலைவி. வயது முப்பத்து மூன்று. சிஷ்யராக வந்து வாய்த்த குணசீலனுக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. பேங்கில் நிரல் எழுதிக்கொண்டிருந்த வேலை போய், வீட்டில் சும்மா இருந்து, இங்கே தகுதிகாண் காலத்தில் சேர்ந்தவர். வேலை நிரந்தரமாகும்வரை வாயைத் திறக்காமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம். அந்தப் புத்திசாலித்தனம் அவரிடம் இல்லை.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் எழுதிய நிரலும் இன்னொருவர் படித்துப் பார்த்துச் சம்மதம் தராமல் உள்ளே போகாது. மேலாளரே எழுதினாலும் அப்படித்தான்.

குணசீலன் எழுதியது குழந்தைகள் வார்டுக்கான மருந்து ஆணை. டாக்டர் திரையில் போடும் ஆணைப்படி மெஷின் ட்ரிப்ஸ் ஏற்றும். நோயாளி, மருந்து, வேகம், நேரம், எடை என்று எல்லாவற்றையும் ஒரே அடைப்புக்குறிக்குள் திணித்து, ஒரே வரியில் ஆணையை உருவாக்கியிருந்தார். சுலைகா அதைத் திருப்பி அனுப்பினாள். கீழே ஒரே வாக்கியம்: "எனக்குப் புரியல."

அவர் நேராக அவள் மேசைக்கே வந்துவிட்டார்.

"இதுல புரியாம போக என்ன இருக்கு மேடம்? கம்ப்யூட்டருக்கே புரிஞ்சிடுச்சு."

"'பில்டர்'னு கட்டி எழுப்பற முறை இருக்கே, அதுல எழுதுங்க சார். ஒவ்வொரு விவரத்தையும் பேர் சொல்லி வாங்கணும். எல்லாம் வந்து சேர்ந்தப்புறம் கடைசியா 'கட்டு'ன்னு சொன்னாத்தான் ஆணை உருவாகணும்."

"ஒரு வரியில முடியறதுக்கு எதுக்கு ஒரு பக்கம்? கடைசியில வரப்போறது அதே ஆணைதானே? இருபது வருஷமா நான் இப்படித்தான் எழுதறேன்."

நியாயமான கேள்விதான். நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன்.

"பேங்க்ல தப்பு நடந்தா என்ன பண்ணுவீங்க?"

"மறுநாள் திருத்திடுவோம்."

அவள் அவருடைய நிரலைத் தன் திரையில் திறந்தாள்.

"சரி, உங்க வரியைப் படிச்சுக் காட்டுங்க."

திரையில் நோயாளி, மருந்து பெயர்களுக்குப் பிறகு எட்டு, நாலு, ஆறு என்று வெறும் எண்கள் இருந்தன.

"எட்டு மணி நேரம். மணிக்கு நாலு மில்லி. குழந்தை ஆறு கிலோ."

"டெஸ்ட் பண்ணீங்களா?"

"எல்லாம் பச்சை. ஒண்ணுகூட ஃபெயில் இல்ல."

அவள் டெஸ்டைத் திறந்தாள். மாதிரிக்கு அவர் போட்டிருந்த வேகமும் ஐந்து, நேரமும் ஐந்து.

"அந்த ரெண்டு அஞ்சையும் இடம் மாத்துங்க சார்."

"கிண்டலா மேடம்?"

"மாத்துங்க."

அவர் முன்னதை வெட்டிப் பின்னால் ஒட்டினார். ஓட்டிப் பார்த்தார். பச்சை.

"என்ன மாறுச்சு?"

"என்ன மாறும்? ஒண்ணும் மாறல."

"இப்ப ஆணை எந்த வரிசையில கேக்குதுன்னு மேல போய்ப் பாருங்க."

மேலே போனார். ஆணை முதலில் கேட்டது வேகத்தை. அப்புறம்தான் நேரத்தை. அவர் எழுதிய வரிப்படி ஆறு கிலோக் குழந்தைக்கு மணிக்கு எட்டு மில்லி, நாலு மணி நேரம். இரண்டு மடங்கு வேகம். எப்படிப் பெருக்கினாலும் முப்பத்திரண்டுதான் என்பதால், மொத்த அளவைச் சரிபார்க்கும் இடத்திலும் அது மாட்டவில்லை.

குணசீலன் அந்த வரியை இன்னொரு முறை விரல் வைத்துப் படித்தார். ஆனால் மனிதர் லேசில் இறங்கி வருகிற ரகம் இல்லை.

"ஒரு தடவை தவறிடுச்சு. இனிமே கவனமா இருப்பேன்."

"நீங்க இருப்பீங்க சார். ஆனா வார்டுக்குப் போகப்போறது நீங்க இல்லையே. இந்த வரிதானே போகுது."

அவர் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். கீபோர்டை அவர் அடித்த அடியில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கோபத்தில் எழுதினாலும் நன்றாகவே எழுதினார். வேகம் நாலு, நேரம் எட்டு, எடை ஆறு, கட்டு. எந்த வரிசையில் கொடுத்தாலும் பெயர் தன் எண்ணைப் பிடித்துக்கொண்டது. 'கட்டு' என்ற இடத்தில், யாரும் சொல்லாமலே, ஒரு காவலும் வைத்தார். எடைக்கு மீறிய வேகம் என்றால் ஆணை உருவாகாது. எடையே வராவிட்டாலும் உருவாகாது. பாதி ஆணை என்று ஒன்று வெளியே வரவே வழியில்லை.

சுலைகா சம்மதம் கொடுத்தாள். பாராட்டெல்லாம் கிடையாது.

டெமோ அன்று காலையில் மேலாளர் ரகோத்தமன் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார். காட்டுவதற்காக ஆஸ்பத்திரி கொடுத்திருந்த பழைய பதிவுகளில் பாதிக்கு எடையே இல்லை. ஒவ்வொன்றுக்கும் திரை சிவப்பாகி, 'எடை இல்லை, ஆணை உருவாகாது' என்று அடம்பிடித்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன குணசீலன் இது? வந்தவங்க முன்னாடி மானம் போகுது. எடை வரலைன்னா அம்பது கிலோன்னு எடுத்துக்கச் சொல்லுங்க. ஒரு நிமிஷ வேலை."

குணசீலன் சுலைகாவைப் பார்த்தார். அவள் டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"மாட்டேன் சார்," என்றார்.

"வார்டுக்கா போகுது? டெமோதானே!"

"டெமோவுல ஓடினதுதான் சார் வார்டுக்கும் போகும். அம்பதுன்னு போட்டுட்டா, ஆறு கிலோக் குழந்தைக்குப் பெரியவங்க வேகத்தைக் கொடுத்தாலும் இது சரின்னு விட்டுடும். அப்புறமா அதை எடுக்கணும்னு யாருக்கும் ஞாபகம் வராது."

"உங்க கன்ஃபர்மேஷன் இந்த வாரம் என் கையெழுத்துக்கு வருது. அது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார். வேலை இல்லாம வீட்டுல உக்காந்திருந்ததும் ஞாபகம் இருக்கு. ஆனா எழுத மாட்டேன்."

துணிச்சல்காரர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நன்றாகப் பயந்துகொண்டுதான் சொன்னார்.

ரகோத்தமனும் ஒரு காலத்தில் நிரல் எழுதியவர்தான். காலியாக இருந்த மெஷினில் உட்கார்ந்து அந்த ஒரு வரியைத் தானே எழுதினார். அலுவலக வழக்கப்படி அது சம்மதத்துக்காக, அந்த நிரலை எழுதிய குணசீலனின் திரைக்கே வந்து நின்றது.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். கீழே ஒரே வாக்கியம் எழுதித் திருப்பி அனுப்பினார்: "யாரோட எடை?"

ரகோத்தமனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"சுலைகா, இந்த ஆளை விடுங்க. நீங்க சம்மதம் கொடுங்க. உங்க ஒருத்தரோடது போதும். உள்ள காத்துக்கிட்டிருக்காங்க."

சுலைகா டம்ளரைக் கீழே வைத்தாள். மேலாளர் எழுதிய வரியையும் அதன் கீழே இருந்ததையும் அவசரமில்லாமல் படித்தாள்.

"அவர் ஒண்ணு கேட்டிருக்காரே சார்," என்றாள். "அதுக்குப் பதில் சொல்லுங்க. கொடுக்கறேன்."