வடிவு தள்ளிவிட்ட இலை

நெட்டேரி என்ற குளத்தில் வடிவு என்று ஒரு நாமக்கோழி இருந்தாள். உடம்பெல்லாம் கறுப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளையாக ஒரு நாமம். நாமக்கோழி வாத்து மாதிரி சுகமாக நீந்தும். பறக்கக் கிளம்புவதுதான் பெரும்பாடு! தண்ணீர்மேல் தடதடவென்று ஓடி, இறக்கையை அடித்து அடித்து, அப்புறம்தான் மேலே எழும்பும். வயிறு கனத்திருந்தால் ஓட்டம் ஓட்டமாகவே முடிந்துவிடும்.

வடிவும் ஒரு காலத்தில் நல்ல குண்டு. ஒருநாள் நாய் துரத்தியபோது எழும்ப முடியாமல் கோரைப்புல்லுக்குள் போய் விழுந்தாள். உயிர் தப்பியது அவளுடைய நல்ல நேரம். அன்றைக்கே பிடிவாதமாக நெல்லை விட்டாள், நத்தையை விட்டாள். பாசியைத் தின்றே வயிற்றைக் கழுவினாள். குளத்தைச் சுற்றிச் சுற்றி நீந்தினாள். பாடுபட்டதற்குப் பலன் கிடைத்தது. உடம்பு நன்றாக இளைத்தது.

இளைத்ததும் கடல் தாண்டிப் போகலாம் என்ற துணிச்சல் வந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் சங்குத்தீவு. அங்கே ஒரு தாமரைக் குளத்தில் அவள் அண்ணன் மாடசாமி குடும்பத்தோடு குடியேறியிருந்தான். "ஒரு தடவையாவது வந்து தலையைக் காட்டிட்டுப் போ" என்று வருகிற போகிற பறவைகளிடமெல்லாம் சொல்லி அனுப்பிக்கொண்டே இருப்பான்.

வாடைக்காற்று வீசியது. கோதண்டம் என்ற நாமக்கோழியின் தலைமையில் ஒரு கூட்டம் தீவுக்குக் கிளம்பியது. வடிவும் கூட்டத்தில் சேர்ந்துகொண்டாள். அவள் மகள் அஞ்சலைக்குத்தான் அழுகை முட்டியது.

"அம்மா, எனக்கு இது தலைப்பிரசவம்! காத்து திரும்புற சமயத்துலதான் முட்டை வைப்பேன். நீ பக்கத்துல இல்லாம எனக்குப் பயமா இருக்கும்மா!"

"அட அசடே! தெற்கத்திக் காத்து அடிச்சதும் கூட்டத்தோட வந்து நிப்பேன். சத்தியமா சொல்றேன்!"

"மாமா வீட்டுல விருந்து விருந்துன்னு போட்டு உன்னைப் பழையபடி ஆக்கிடுவாங்களே? அப்புறம் எப்படிக் கடல் தாண்டுவே?"

"என்னையா? நான் லேசுப்பட்டவ இல்லைடி! யார் எதை நீட்டினாலும் சந்தேகப்பட்டுத்தான் பார்ப்பேன்!" என்றாள் வடிவு.

சொன்னபடியே செய்தாள். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

தீவில் போய் இறங்கியதும் அண்ணன் வீட்டில் ஒரே ஆரவாரம். அண்ணி பூரணி ஓடி வந்து கழுத்தோடு கழுத்து வைத்துக் கொஞ்சினாள். பூரணி குடம் போல உருண்டையாக இருப்பாள். அக்கம்பக்கத்து நாமக்கோழிகள் எல்லாம் நீந்தி வந்து வடிவைச் சுற்றி நின்று பார்த்தன.

"ஐயோ, என்ன இப்படித் துரும்பா இளைச்சுட்டே! உடம்புக்கு ஏதாவது நோவா?" என்றது ஒன்று.

"வீட்டுக்காரர் கவனிக்கிறதில்லையோ என்னவோ!" என்று முணுமுணுத்தது இன்னொன்று.

வடிவுக்குச் சுருக்கென்றது. இளைத்துக் காட்டினால் பாராட்டுவார்கள் என்று வந்தால், இதென்ன விசாரணை! அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணி, எனக்குக் கொஞ்சமா போடுங்க. உடம்பு கனத்தா கடல் தாண்ட முடியாது. அங்க பொண்ணு முட்டை வைக்கப் போறா. நான் போயே ஆகணும்."

"அதை என்கிட்ட விட்டுடு. நான் பார்த்துக்கறேன்!" என்றாள் பூரணி.

அந்தத் தீவில் ஒரு வழக்கம் உண்டு. விருந்தாளிக்குப் போடுகிற தாமரை இலையில் சாப்பாடு குவிந்திருக்க வேண்டும். எதிர்க்கரையிலிருந்து பார்த்தாலும் குவியல் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அந்த வீட்டு மருமகளைக் கஞ்சப் பிசினாறி என்று குளமே பேசும். விருந்தாளியும் அலகை நனைக்காமல் எழுந்து போகக் கூடாது. போனால் உறவு அறுந்தது என்று அர்த்தம்!

மத்தியானம் பூரணி இலையைக் கொண்டு வந்தாள். வடிவு பார்த்தாள். அம்மாடி! சின்ன மலை! உச்சியில் கொழுகொழுவென்று நத்தைகள். நத்தைகளைச் சுற்றிலும் ஊறிய நெல். எதிர்க்கரையில் கழுத்துகள் நீண்டன. "பூரணி கை தாராளம்தான்!" என்று பேச்சு கேட்டது.

பூரணி குனிந்து வடிவின் காதில் சொன்னாள். "மேலே இருக்கிறதை ஒதுக்கிட்டு, அடியில இருக்கிறதைச் சாப்பிடு. யாரும் பார்க்காம!"

வடிவுக்குப் பகீரென்றது. 'எதுக்குக் காதுல சொல்றா? மேலேயே இவ்வளவு கொழுப்பு இருந்தா அடியில எதை ஒளிச்சு வச்சிருக்காளோ! கொஞ்சமா போடுன்னு சொன்னா மலையைக் கொண்டு வந்து வைக்கிறா. இவ குண்டு, நான் ஒல்லி. பொறாமை! வேற என்ன?'

எதிர்க்கரைக் கழுத்துகள் மடங்கி, அண்ணியும் அந்தப் பக்கம் திரும்பிய சமயம் பார்த்து, இலையின் ஓரத்தை அமுக்கி எல்லாவற்றையும் தண்ணீருக்குள் தள்ளிவிட்டாள். அலகை மட்டும் நனைத்துக்கொண்டாள். "ஏவ்!" என்று பெரிய ஏப்பமாக ஒன்று விட்டாள்.

"அதுக்குள்ள முடிச்சுட்டியா? நல்லது நல்லது!" என்று சிரித்தாள் பூரணி.

'சிரிக்கிறா பாரு!' என்று மனசுக்குள் கறுவினாள் வடிவு.

தினமும் இதே கூத்துதான். இலை வரும், கவிழும், ஏப்பம் வரும். "இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போயேன்" என்று அண்ணி சொன்னால், 'என்னை இங்கேயே முடக்கப் பார்க்கிறா' என்று நினைத்தாள். "எப்பக் கிளம்புறே வடிவு?" என்று கேட்டால், 'என்னை விரட்டப் பார்க்கிறா' என்று நினைத்தாள். இரு என்றாலும் குற்றம், எப்போது போகிறாய் என்றாலும் குற்றம்! அந்தப் பூரணி வேறு என்னதான் செய்வாள், நீங்களே சொல்லுங்கள்!

சந்தேகப்பட்டால் வயிறு நிறையுமா? பசி குடலைப் பிடுங்கியது. குளத்துக் கரைக்கு அந்தப் பக்கம் ஒரு களம் இருந்தது. மனிதர்கள் கதிரடித்துவிட்டுப் போன இடம். நெல் உதிர்ந்து கிடந்தது. வடிவு கரையேறிப் போய் ஒரு மணியைக் கொத்தினாள்.

'இது சாப்பாடு இல்லை. இலையில போட்டு உட்கார்ந்து தின்னாத்தான் சாப்பாடு. நின்னுக்கிட்டே கொத்துறது சும்மா ருசி பார்க்கிறது' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இன்னொன்றைக் கொத்தினாள். 'கரையேறி நடந்துதானே வந்தேன்? நடந்ததுல பாதி கரைஞ்சிருக்கும்.' இன்னும் கொஞ்சம் கொத்தினாள். 'ஊர்லயா தின்னேன்? வெளியூர்ல தின்னா உடம்புல ஒட்டாது.' என்ன வக்கணையான நியாயம் பாருங்கள்!

களத்து ஓரத்துத் தாழம்புதரில் ஒரு நரி படுத்திருந்தது. ஒருநாள் வடிவு அதைப் பார்த்துவிட்டாள். எட்ட நின்றுகொண்டே சத்தம் போட்டாள்.

"ஏய் நரி! இங்க உனக்கு என்ன வேலை? எங்க அண்ணி அனுப்பினாளா?"

"உங்க அண்ணியா? யாரும்மா அது? நான் பாட்டுக்கு வெயில் காயறேன்" என்றது நரி.

"என்னைப் பிடிக்கலாம்னுதானே பார்க்கிறே?"

"உன்னையா? எலும்பும் தோலுமா இருக்கே. உன்னைப் பிடிச்சு நான் என்ன பண்ண? பல்லு நோகும்!"

வடிவுக்கு உச்சி குளிர்ந்தது. 'எலும்பும் தோலுமாம்! நரிக்குத் தெரியுது, நம்ம சனத்துக்குத் தெரியலையே!' நரியின் பேச்சில் மட்டும் அவளுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. சந்தோஷத்தில் இன்னும் நாலு கொத்து சேர்த்துக் கொத்தினாள். நரி கண்ணை மூடிக்கொண்டது.

நாள் போகப் போக வடிவு பூசினாற்போல ஆனாள். அதற்கப்புறம் பூசினாற்போல என்று சொல்லவும் முடியவில்லை. பூரணி கவலையோடு அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன வடிவு, உடம்பு போட்டிருக்கே? நான் போடுறதுல உடம்பு வைக்க வழியே இல்லையே!"

'பழியைப் போடுறதுக்கு முன்னாடியே தப்பிக்கிறா!' என்று வடிவு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

காற்று திரும்பியது. தெற்கத்திக் காற்று! கோதண்டத்தின் கூட்டம் குளத்தில் வரிசை கட்டியது. "கிளம்புங்க! இந்தக் காத்தை விட்டா அடுத்த வருஷம்தான்!" என்று கோதண்டம் குரல் கொடுத்தார். ஒவ்வொன்றாகத் தடதடவென்று ஓடி எழும்பின.

வடிவும் ஓடினாள். தடதட! இறக்கையை அடித்தாள். காலைத் தூக்கப் பார்த்தாள். உடம்பு வரவில்லை! இன்னும் ஓடினாள். அஞ்சலையின் முகம் கண்ணுக்குள் வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்தாள். குளம்தான் முடிந்தது. மடேரென்று கரைச் சேற்றில் போய் விழுந்தாள்.

தாழம்புதர் சலசலத்தது. "இப்பத்தான் பக்குவம்!" என்று நரி பாய்ந்தது!

"வடிவு!" என்று அலறிக்கொண்டு முதலில் வந்தது யார் தெரியுமா? பூரணிதான்! நரியின் மூஞ்சியில் தண்ணீரை வாரி வாரி அடித்தாள். மாடசாமியும் அக்கம்பக்கமும் ஓடி வந்து சேர்ந்து அடித்தார்கள். நரிக்குக் கண் தெரியவில்லை. குருட்டுவாக்கில் ஒரு கடி கடித்துவிட்டுப் புதருக்குள் ஓடியது. அதன் வாயில் இருந்தது பூரணியின் வால் இறகு.

வடிவு தண்ணீருக்குள் வந்து விழுந்தாள். உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"நடிக்காதீங்க அண்ணி! மலை மலையா இலையைக் குவிச்சு என்னை இந்தக் கதிக்கு ஆக்கினதே நீங்கதான்! என் பொண்ணுகிட்ட என்னைப் போகவிடாம பண்ணிட்டீங்களே! நல்லா இருப்பீங்களா?"

மேலே எழும்பிய கோதண்டமும் கூட்டமும் வட்டமடித்துக் கீழே இறங்கின. பூரணிக்குக் கண் கலங்கியது. வழியனுப்புவதற்காக அன்று காலையில் வைத்திருந்த இலையை அப்படியே கொண்டு வந்து கோதண்டத்தின் முன்னால் வைத்தாள்.

"நீங்களே அலகை வச்சுப் பாருங்க ஐயா."

கோதண்டம் மேலே இருந்த நத்தையையும் நெல்லையும் ஒதுக்கினார். அலகை அடியில் விட்டு இழுத்தார். பச்சையாக நீளமாக வந்தது. இன்னும் இழுத்தார். அதுவும் பச்சை.

"பாசி! அத்தனையும் வெறும் பாசி! பிழிஞ்சா தண்ணிதான் வரும்!" என்று ஆச்சரியப்பட்டார்.

"அவ உடம்பு கனக்கக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டா. குவியல் இல்லைன்னா ஊர் பேசும். அதனால ஊர் கண்ணுக்கு மேலே நாலு நத்தை, அவ வயித்துக்கு அடியில பாசி. முதல் நாளே காதுல சொன்னேனே ஐயா!" என்று விம்மினாள் பூரணி. "நாத்தனாருக்குப் பாசி போட்டவன்னு எனக்குப் பேர் வந்தா வந்துட்டுப் போகட்டும்."

"பாசி தின்னா இந்த வயிறு வருமா?" என்று கேட்டார் கோதண்டம்.

புதருக்குள்ளிருந்து நரி சிரித்தது.

"என்னைக் கேளுங்க! அந்த இலையை அம்மா தொட்டாத்தானே! தினமும் தண்ணிக்குள்ள கவிழ்க்கிறதை இங்கிருந்தே பார்த்தேன். களத்துல வந்து மணி மணியா மொக்கிட்டுப் போகும். நான் ஒரு நெல்லுகூட எடுத்துப் போடலை. வலை விரிக்கலை. வளரட்டும்னு சும்மா படுத்திருந்தேன். தானே தின்னுச்சு, தானே வளர்ந்துச்சு! கடைசி நேரத்துல காரியத்தைக் கெடுத்துட்டீங்க!"

வடிவு தலையைத் தொங்கப் போட்டாள். அண்ணியின் இறகு போன வாலைப் பார்த்தாள்.

காற்று யாருக்காகவும் நிற்காது. கோதண்டம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "நாங்க கிளம்பணும் வடிவு. அஞ்சலை கேட்டா என்ன சொல்லட்டும்? நரி வந்து தடுத்துடுச்சுன்னு சொல்லவா? இல்லை, காய்ச்சல்னு சொல்லவா?"

வடிவு தலையை நிமிர்த்தினாள். அப்புறம் சொன்னாள்.

"அதெல்லாம் வேண்டாம். உங்கம்மா வாயைக் கட்டலை, அதனால வர முடியலைன்னு சொல்லுங்க."

கூட்டம் எழும்பியது. வானத்தில் புள்ளியாகி மறைகிற வரைக்கும் வடிவு பார்த்துக்கொண்டே இருந்தாள். நெட்டேரியில் அஞ்சலை பயந்து பயந்து முட்டை வைத்த அன்று, பக்கத்தில் அம்மா இல்லை.

அடுத்தவர் போடுகிற இலையைத் துருவித் துருவிப் பார்ப்பவர்கள், தங்கள் வாய் சொல்லுகிற சாக்குகளைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.