கதவோரத்து இடம்

“நான் எப்ப விளையாடுறது, கோச்?” என்று கேட்டான் சேந்தன்.

“கதவு திறக்கத் தெரியுமோ, அண்ணை?” என்று கேட்டாள் ஆரணி.

தெரியும் என்றான்.

“அப்ப திறவுங்கோ.”

அன்று பருவத்தின் முதல் ஆட்டம். வடக்கே, ஏரி உறைகிற ஊர் ஒன்றின் ஐஸ் ஹொக்கி அணி அது. சேந்தன் அதில் இரண்டாவது கோல் காப்பாளன். ஆரணி கோல் காப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பவள். வயதில் அவனுக்கு இளையவள். அவன் அவளைக் கோச் என்றான். அவள் அவனை அண்ணை என்றாள். அணியில் தமிழ் தெரிந்தவர்கள் இந்த இருவர்தான். வீரர்கள் இருக்கும் நீள வாங்கில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு இருந்தாலும், எதையும் வாய்விட்டுப் பேசிக்கொள்ளலாம்.

முதல் காப்பாளன் லூக். அவன் வலைக்கு முன்னால் நிற்கும்வரை இரண்டாமவனுக்கு வாங்கின் கடைசி இடம்தான்.

அந்த இடத்துக்கு ஒரு வேலை உண்டு. ஹொக்கியில் வீரர்கள் கொஞ்ச நேரம் பாய்ந்து விளையாடுவார்கள், களைத்து உள்ளே வருவார்கள், வேறு பேர் வெளியே போவார்கள். பனித்தளத்துக்கும் வாங்குக்கும் நடுவே ஒரு சின்னக் கதவு. கடைசியில் இருப்பவன் அதைத் திறக்க வேண்டும், சாத்த வேண்டும்.

சேந்தன் திறந்தான். சாத்தினான்.

அணி வென்றது. திரும்பவும் வென்றது.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் லூக்கைப் போலவே அவனும் காலுக்கும் மார்புக்கும் கவசம் கட்டினான். ஆட்டம் முடிந்தால், உடை மாற்றும் அறையில் எல்லோருடைய உடுப்பும் வியர்வை சொட்டத் தொங்கும். அவனுடையது மட்டும் காலையில் இருந்த மணத்தோடு தொங்கும்.

“என்ர உடுப்பு நாறுறதே இல்லை, கோச்.”

“சவர்க்காரம் மிச்சம்.”

“பகிடி விடாதேங்கோ. இது எனக்குக் கடைசி வருசம். ஒருக்கா எண்டாலும் அந்த வலைக்கு முன்னால நிக்க வேணும்.”

ஆரணி யோசித்தாள்.

“கதவு கிறீச்சிடுது, அண்ணை. எண்ணெய் விடுங்கோ.”

அவன் எண்ணெய் விட்டான். மனதுக்குள் அவளைத் திட்டிக்கொண்டே விட்டான்.

தை மாதம் ஓர் ஆட்டத்தில், நோலன் என்ற இளம் வீரன் தன் அணிக்காரனுக்குத் தள்ள வேண்டிய ரப்பர் வட்டை எதிராளியின் மட்டைக்கே தள்ளிவிட்டான். கோல். மண்டபம் முழுக்கக் கூச்சல்.

மற்றவர்கள் உள்ளே வந்து வாங்கில் உட்கார்ந்தார்கள். நோலன் வரவில்லை. தூரத்தில், தலையைக் குனிந்தபடி, பனியை மட்டையால் சுரண்டிக்கொண்டு நின்றான்.

“மூடுங்கோ அண்ணை, நடுவர் பாக்கிறார்,” என்றாள் ஆரணி.

“ஆள் இன்னும் வரேல்லை,” என்றான் சேந்தன். கதவைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

நோலன் வந்தான். யாரையும் பார்க்காமல் உள்ளே நுழைந்தான். சேந்தன் கதவைச் சாத்தினான்.

அன்று தோற்றார்கள். வெளியே போகும்போது ஆரணி அவன் பக்கத்தில் நின்றாள்.

“இண்டைக்கு நல்லா விளையாடினியள், அண்ணை.”

“நக்கலோ?”

அவள் போய்விட்டாள். அதன் பிறகு பல நாள் அவன் அவளோடு பேசவில்லை.

பனி உருகத் தொடங்கிய நாட்களில் அணி இறுதிச் சுற்றுக்குப் போனது. கடைசி ஆட்டத்தன்று, வெல்பவர்களுக்கான வெள்ளிக் கிண்ணத்தைக் கொண்டுவந்து நடைபாதையில் வைத்தார்கள். வீரர்கள் அதைச் சுற்றி விலகி நடந்தார்கள். வெல்லாதவன் அதைத் தொட்டால் ஒருநாளும் வெல்லமாட்டான் என்பது ஹொக்கிக்காரர்களின் நம்பிக்கை.

சேந்தன் சிறுவனாக இருந்தபோது அதைக் கடைத்தொகுதி ஒன்றில் காட்சிக்கு வைத்திருந்தார்கள். மற்றப் பிள்ளைகள் கட்டிப்பிடித்துப் படம் எடுத்தார்கள். அவன் இரண்டு கைகளையும் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றான்.

“தொடன், மோனை,” என்றார் அம்மா.

“பிறகு,” என்றான்.

ஆட்டத்தின் கடைசிப் பகுதியில், அணி ஒரு கோல் முன்னால் இருந்தபோது, லூக் விழுந்தான். யாரோ அவன்மேல் மோதிவிட்டார்கள். அவன் எழவில்லை. மண்டபம் அடங்கிப்போனது.

“தலைக்கவசத்தைப் போடுங்கோ,” என்றாள் ஆரணி.

சேந்தன் போட்டான். வலை ஆளில்லாமல் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றது.

லூக் ஒரு முழங்காலை ஊன்றினான். பிறகு எழுந்து நின்றான். எல்லோரும் மட்டையால் வாங்குக்கு முன்னால் இருந்த தடுப்புப் பலகையில் தட்டி அவனை வாழ்த்தினார்கள். சேந்தனும் தட்டினான்.

கடைசி மணி அடித்தது. வென்றார்கள்.

எல்லோரும் கையுறைகளைக் கழற்றி எறிந்துவிட்டுப் பனிக்குப் பாய்ந்தார்கள். கிண்ணம் வந்தது. ஒருவன் தலைக்குமேல் தூக்கி ஒரு சுற்றுப் போய் அடுத்தவனிடம் கொடுத்தான். அவன் அடுத்தவனிடம்.

வாங்கின் கடைசி இடத்தில் சேந்தன் கையுறையோடு இருந்தான். கதவு சாத்தியிருந்தது.

ஆரணி பனியிலிருந்து திரும்பி வந்தாள்.

“போகேல்லையோ?”

“ஒரு நிமிசமும் விளையாடேல்லை நான்.”

“அது எனக்குத் தெரியும். வேற என்ன?”

அவன் பனியைப் பார்த்தான். சுற்றிலும் ஒரே ஆரவாரம். அவன் மெதுவாகத்தான் சொன்னான்.

“லூக் விழேக்க எனக்குச் சந்தோசமா இருந்தது, கோச்.”

“எழும்பினபிறகு?”

“கோவம் வந்தது.”

“பலகையில தட்டினியள்?”

“தட்டினன். கோவத்தோடதான் தட்டினன்.” கையுறையைப் பார்த்தான். “இந்தக் கையால அதைத் தொட ஏலாது.”

ஆரணி அவனைத் தேற்றவில்லை. கண்டிக்கவும் இல்லை.

“அரக்கி இருங்கோ,” என்றாள்.

அவன் நகர்ந்தான். அவள் கதவோரத்தில் உட்கார்ந்தாள். தாழ்ப்பாளைத் தூக்கிக் கதவைத் திறந்தாள். அது சத்தமில்லாமல் திறந்தது. அதைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

அங்கே லூக் கிண்ணத்தோடு சுற்றி முடித்திருந்தான். யாரிடம் கொடுப்பது என்று தேடுகிறவன்போல் வாங்கின் பக்கம் திரும்பினான்.

பனியின் குளிர் கதவு வழியாக வந்து சேந்தனின் முகத்தில் பட்டது.

“மூடுங்கோ, கோச்.”

“ஆள் இன்னும் வரேல்லை,” என்றாள் ஆரணி.